26 வயதில் இதயம் பெருத்துப் போவதற்கு ஒரு வைரஸ் காய்ச்சல் காரணமாக முடியுமா?

வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 26 வயது, ஊர் அணியில் கபடி ஆடுகிறவர். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து ஒரு வாரத்தில் விட்டிருக்கிறது, உடனே மறுபடி ஆடப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இரவில் தலையணை உயர்த்தாமல் படுக்க முடியவில்லை. எக்கோ எடுத்துப் பார்த்தால் இதயம் பெருத்திருக்கிறது, இஎஃப் (இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு) 30 சதவீதம். ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை. வைரஸ் வந்து போனதால் இருக்கலாம் என்கிறார் மருத்துவர். அம்மா கொரோனா தடுப்பூசிதான் காரணம் என்கிறார், மாமா கபடியைக் குறை சொல்கிறார். இதில் எது உண்மை, டாக்டரால் ஏன் அடித்துச் சொல்ல முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும் என்பதுதான் பதில். சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தொண்டை வலியைத் தரும் வைரஸ்களே சிலருக்கு இதயத் தசையைத் தாக்கும், அதில் ஒரு பகுதியினருக்கு இதயம் பெருத்துப் பலவீனமாகும். ஆனால் அதே வைரஸ் அந்தத் தெருவில் நூறு பேருக்கு வந்திருக்கும், 99 பேர் கஞ்சி குடித்துவிட்டு எழுந்து வேலைக்குப் போயிருப்பார்கள். ஒருவருக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று தேடிப் போனால் பல நேரம் கிருமியோடு இன்னொன்றும் கூட்டுச் சேர்ந்திருப்பது தெரிகிறது. பிறவியிலேயே உள்ள மரபணுக் குறையாக இருக்கலாம், ஊட்டச்சத்துக் குறையாக இருக்கலாம், காய்ச்சல் முழுதாக விடாத உடம்போடு ஓடியதாக இருக்கலாம், குடியாகவும் இருக்கலாம். "வைரஸ்தான், வேறென்ன" என்று ஃபைலை மூடிவிட்டு அந்த இன்னொன்றைத் தேடாமல் விடுவதுதான் எனக்குக் கவலை. இந்தப் பதில் நீளமாகப் போவதற்கும் அதுவே காரணம்.

முதலில் நோய் என்னவென்று பார்ப்போம். தம்பிக்கு இருப்பதை டைலேட்டட் கார்டியோமயோபதி என்பார்கள். மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைபடும், அதனால் தசை சாகும். இங்கே குழாய்கள் சுத்தமாக இருக்கின்றன, தசையே நொந்து மெலிந்து, இடது கீழறை விரிந்துபோயிருக்கிறது. இஎஃப் என்பது அந்த அறையில் உள்ள ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்ற கணக்கு. யாருக்கும் அது 100 இருக்காது, ஆரோக்கியமான இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான். ஆகவே 30 என்றால் "முப்பது சதவீத இதயம்தான் வேலை செய்கிறது" என்று வீட்டில் பயப்படுவது சரியான கணக்கு இல்லை, இருக்க வேண்டியதில் பாதி அளவு தள்ளுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே தீவிரமான விஷயம்தான், மறுக்கவில்லை.

இந்த நிலைக்கு முந்தின கட்டமாக இருந்திருக்கக்கூடியது மயோகார்டைட்டிஸ், அதாவது இதயத் தசை அழற்சி. இதில் மிக நன்றாக ஆராயப்பட்ட குற்றவாளி காக்ஸாக்கி பி என்ற வைரஸ். நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றோரம் இருக்கும் காக்ஸாக்கி என்ற சிற்றூரில் 1948 வாக்கில் போலியோவை ஆராய்ந்துகொண்டிருந்த கில்பர்ட் டால்டார்ஃபும் கிரேஸ் சிக்கில்ஸும் கண்டுபிடித்த வைரஸ் குடும்பம் இது, ஊர்ப் பெயரே வைரஸுக்கும் ஒட்டிக்கொண்டது. போலியோ வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். அதைப் போலவே அசுத்தமான கை, தண்ணீர், உணவு வழியாகக் குடலுக்குப் போகிறது. தம்பிக்கு வயிற்றுப்போக்கில் ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் குடும்பம்தான். இது தவிர அடினோ வைரஸ், பார்வோ பி19, ஆறாம் வகை ஹெர்பிஸ் வைரஸ், இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா என்று பட்டியல் நீளும்.

வைரஸ் உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை விஞ்ஞானிகள் கிட்டத்தட்ட படிப்படியாகவே பார்த்திருக்கிறார்கள். இதயச் செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது, காக்ஸாக்கி வைரஸும் அடினோ வைரஸும் இரண்டுமே அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. 1997இல் அதை அடையாளம் கண்டார்கள். உள்ளே போன வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்வதற்காக ஒரு வெட்டும் நொதியைத் தயாரிக்கிறது. அந்த நொதி டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறது என்று 1999இல் காட்டினார்கள். டிஸ்ட்ரோஃபின் என்பது தசைச் செல்லின் உள்கட்டமைப்பை அதன் மேலுறையோடு இழுத்துக் கட்டி வைத்திருக்கும் புரதம். டுஷேன் தசைச் சிதைவு நோயோடு பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு இல்லாமல் போவதும் இதே புரதம்தான், அந்தப் பையன்களுக்கு வயது ஏற ஏற இதயமும் பெருத்துப் பலவீனமாகிறது. மரபணுக் கோளாறு பல வருடங்களில் செய்கிற வேலையை ஒரு வைரஸ் சில நாட்களில் செய்கிறது. தொற்றும் பரம்பரையும் தனித்தனி உலகங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இதைப் படித்த பிறகு இந்த நோயைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது.

முதல் சில நாள் வைரஸ் நேரடியாகச் செய்கிற சேதம். அப்புறம் நம் உடம்பின் தற்காப்புப் படை வந்து, வைரஸ் இருக்கும் செல்களைக் கொல்ல ஆரம்பிக்கும். இந்த இரண்டாம் கட்டத்தில்தான் பெரும் சேதம் நடக்கிறது, ஏனென்றால் தோலையோ குடலின் உட்பரப்பையோ போல இதயத் தசை புதிதாக முளைக்காது, செத்த இடம் தழும்பாகிவிடும். பலருக்கு இந்தச் சண்டை இரண்டொரு வாரத்தில் முடிந்துவிடும். சிலருக்கு வைரஸின் மரபுப்பொருள் தசைக்குள்ளேயே தங்கிப்போகும், இன்னும் சிலருக்கு வைரஸ் போன பிறகும் தற்காப்புப் படை நிற்காமல் சொந்தத் தசையையே எதிரியாக நினைத்துத் தாக்கிக்கொண்டிருக்கும். காய்ச்சல் விட்டு இரண்டு மாதம் கழித்து மூச்சு வாங்குவது இப்படித்தான் வருகிறது, இதயம் அதுவரை எப்படியோ ஈடுகொடுத்துக்கொண்டு மெல்ல விரிந்துகொண்டே இருந்திருக்கும்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் குழு ஒன்று 2013இல் வெளியிட்ட அறிக்கையில், தசை அழற்சி வந்தவர்களில் சுமார் பாதிப் பேர் முதல் 2 முதல் 4 வாரங்களில் தேறிவிடுகிறார்கள், நாலில் ஒரு பங்கினருக்கு இதயப் பலவீனம் நீடிக்கிறது, 12 முதல் 25 சதவீதம் பேருக்கு நிலைமை மோசமாகி உயிரிழப்பு வரையோ இதய மாற்று அறுவை வரையோ போகிறது என்று எழுதியிருந்தார்கள். இவை ஆஸ்பத்திரி வரை வந்து நோய் உறுதியானவர்களின் கணக்கு. லேசாக நெஞ்சு வலித்து, இரண்டு நாள் படுத்துவிட்டு எழுந்துபோனவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள், அவர்களையும் சேர்த்தால் படம் இவ்வளவு இருட்டாக இருக்காது.

சரி, டாக்டர் ஏன் உறுதியாகச் சொல்லவில்லை? அவர் நேர்மையாக இருக்கிறார், அவ்வளவுதான். நோயாளி காட்ட வரும்போது வைரஸ் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். தசை சேதமாகும்போது ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் இரண்டு மாதத்தில் இறங்கியிருக்கும். காக்ஸாக்கிக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் அந்த வைரஸ் நம்மில் பலருக்கும் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும், இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தாலும் ஒன்றும் நிரூபணமாகாது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து அந்த "வைரஸ் பேனல்" எடுக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், அதனால் சிகிச்சையில் என்ன மாறும் என்று ஒரு முறை கேளுங்கள். எச்ஐவி பரிசோதனை மட்டும் விதிவிலக்கு, அதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் அதுவே இதயத் தசையைப் பலவீனமாக்கும், அதற்கு மருந்தும் இருக்கிறது.

உறுதியான சோதனை என்றால் கழுத்து அல்லது தொடை ரத்தக் குழாய் வழியாகக் கம்பி விட்டு இதயத் தசையில் சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பதுதான். அதிலும் சிக்கல். அழற்சி திட்டுத்திட்டாக இருக்கும், எடுத்த துணுக்கில் ஒன்றும் இல்லாமல் பக்கத்தில் இருக்கலாம். வைரஸின் மரபுப்பொருள் கிடைத்தாலும் குழப்பம் தீராது, பார்வோ பி19 எந்த நோயும் இல்லாத இதயங்களிலும் கிடைக்கிறது. ஆகவே நாளுக்கு நாள் வேகமாக மோசமாகிறவர்கள், துடிப்புத் தடைபடுகிறவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே இதைச் செய்கிறார்கள். தம்பிக்கு இப்போது அதிகம் உதவக்கூடியது இதய எம்ஆர்ஐ. மாரடைப்பின் தழும்பு தசையின் உள் அடுக்கிலிருந்து ஆரம்பிக்கும், அழற்சியின் தழும்பு பெரும்பாலும் நடு அடுக்கிலோ வெளி அடுக்கிலோ இருக்கும். அந்த வித்தியாசம் படத்திலேயே தெரியும், எவ்வளவு தழும்பு இருக்கிறது என்பது பிற்காலத்தில் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பையும் ஓரளவு சொல்லும். நோய் ஆரம்பித்த முதல் சில வாரங்களில் எடுத்திருந்தால் வீக்கமும் தெரிந்திருக்கும், இப்போது அது வற்றியிருக்கலாம். இருந்தாலும் எடுப்பது வீண் இல்லை.

கிருமியோடு இன்னொன்று சேர வேண்டும் என்று சொன்னேன். அதற்கு என்னை மிகவும் பாதித்த சான்று சீனாவிலிருந்து வருகிறது. வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் கேஷான் என்ற வட்டாரத்தில் 1935 குளிர்காலத்தில் ஒரு இதய நோய் கூட்டமாக வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் சிறு குழந்தைகளும். வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை நீண்டு கிடக்கும் ஒரு நிலப்பட்டையில், அந்தந்த வயலில் விளைந்ததை மட்டுமே சாப்பிட்டு வாழ்ந்த ஏழை விவசாயக் குடும்பங்களில் இது திரும்பத் திரும்ப வந்தது. பிறகு கண்டுபிடித்தார்கள், அந்த மண்ணில் செலினியம் என்ற தாதுப்பொருள் மிகக் குறைவு. 1970களில் குழந்தைகளுக்கு சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது நோய் பெருமளவு குறைந்தது.

இத்தோடு கதை முடியவில்லை. மண் மாறாமல் அப்படியே இருக்க, நோய் மட்டும் ஏன் ஒரு வருடம் கூடுகிறது, ஒரு வருடம் குறைகிறது, ஏன் பருவம் பார்த்து வருகிறது? தொற்று மாதிரி நடந்துகொள்கிறதே என்று தேடியபோது நோயாளிகளிடமிருந்து காக்ஸாக்கி வைரஸ் கிடைத்தது. 1990களில் அமெரிக்காவில் மெலிண்டா பெக் என்பவரின் குழு எலிகளில் ஒரு சோதனை செய்தது. இதயத்துக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு சாதுவான காக்ஸாக்கி வகையைச் செலினியம் குறைந்த எலிகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றின் இதயம் சேதமானது. இது எதிர்பார்க்கக்கூடியதுதான், பலவீனமான உடம்பு என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த எலிகளிடமிருந்து வைரஸை எடுத்து, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் இதயமும் கெட்டது. ஊட்டமில்லாத உடம்பில் பெருகும்போது வைரஸின் மரபுப்பொருளே மாறி, அது கொடியதாகிவிட்டிருந்தது. ஒரு ஏழையின் பட்டினி அவரோடு நிற்காமல் எல்லோருக்கும் ஆபத்தான கிருமியை உருவாக்க முடியும் என்பது இதன் பொருள், இதை எத்தனை முறை நினைத்தாலும் மனம் கனக்கிறது. (இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் செலினியம் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், அளவு மீறினால் அதுவும் நஞ்சு.)

அடுத்து மாமா சொன்ன கபடி. அவர் பாதி சரி. ஸ்வீடனில் காட்டுக்குள் வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்து ஓடும் ஓரியன்டீரிங் என்ற விளையாட்டு பிரபலம். 1979 முதல் 1992 வரை அதில் இருந்த 16 இளைஞர்கள் திடீரென்று இறந்துபோனார்கள், 15 ஆண்கள், ஒரு பெண், எல்லோரும் நல்ல உடற்கட்டோடு இருந்தவர்கள். பிரேதப் பரிசோதனையில் பலரிடம் இதயத் தசை அழற்சி தெரிந்தது. கிளமிடியா நிமோனியே என்ற பாக்டீரியாவைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு பார்ட்டோனெல்லாவைச் சந்தேகப்பட்டார்கள், இன்றுவரை ஒன்றைக் காட்டி இதுதான் என்று தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. ஆனால் சங்கம் காத்திருக்கவில்லை. 1992 இறுதியில் உயர்மட்டப் போட்டிகளையும் பயிற்சியையும் ஏறத்தாழ ஆறு மாதம் நிறுத்தியது, காய்ச்சலோடு ஓடக் கூடாது என்று வீரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அதன் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இளம் வீரர்களிடையே அப்படிப்பட்ட மரணம் ஒன்றும் பதிவாகவில்லை. காரணம் தெரியாவிட்டாலும் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

விலங்குகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். காக்ஸாக்கி பி3 தொற்றிய எலிகளைத் தண்ணீரில் நீந்த வைத்தபோது, சும்மா விட்ட எலிகளைவிட அவற்றின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியிருந்தது, அதிகமாக இறந்தன. இது 1970இலேயே வெளியானது. கபடி நோயை உண்டாக்காது, ஆனால் காய்ச்சல் விட்ட கையோடு கபடி ஆடுவது ஏற்கெனவே எரியும் அடுப்பில் விறகைத் தள்ளுவது மாதிரி. அதுவும் கபடியில் மூச்சை அடக்கிக்கொண்டு பாட வேண்டும், பிடிபட்டால் முழுப் பலத்தோடு இழுத்துப் போராட வேண்டும், இதயத்தின் மேல் அழுத்தம் சட்டென்று ஏறும். தம்பி மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை, எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஆடப் போகும் பையன்கள்தான் நம் ஊரில் அதிகம், ஓய்வெடு என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

தசை அழற்சி வந்த விளையாட்டு வீரர்களை 3 முதல் 6 மாதம் போட்டி, கடும் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்து, பிறகு எக்கோ, ட்ரோபோனின், ஒரு நாள் முழுதும் பதியும் ஹோல்டர், ட்ரெட்மில் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்ப அனுப்புவது வழக்கம். பேயர்ன் மியூனிக் கால்பந்து அணியின் அல்ஃபோன்ஸோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில் கொரோனாவுக்குப் பின் லேசான தசை அழற்சி தெரிந்தது, ஏப்ரலில்தான் மறுபடி ஆடினார். அவருக்கு இருந்தது லேசானது, தம்பியின் இஎஃப் 30இல் இருக்கிறது. மெதுவான நடை எவ்வளவு என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம், கபடிக் களத்தை இப்போதைக்கு மறந்துவிட வேண்டும்.

அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது. ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்குப் பின் தசை அழற்சி வருவது உண்மை, குறிப்பாகப் பதின்ம வயது, இருபதுகளில் உள்ள ஆண்களுக்கு, இரண்டாவது ஊசிக்குப் பின். அது அரிது, பெரும்பாலும் லேசானது, வந்தால் ஊசி போட்ட சில நாட்களிலேயே நெஞ்சு வலியாக வரும். இந்தியாவில் மிகப் பெரும்பாலானோருக்குப் போடப்பட்டவை கோவிஷீல்டும் கோவாக்சினும், இரண்டும் எம்ஆர்என்ஏ வகை இல்லை. வருடக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு காய்ச்சலுக்குப் பின் இதயம் பெருப்பது அந்தப் படத்தோடு பொருந்தவே இல்லை. சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023இல் வெளியானது. நாடு முழுக்க 47 மருத்துவமனைகள் வழியாக, ஆரோக்கியமாக இருந்து திடீரென்று இறந்த 18 முதல் 45 வயதுக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் உள்ள அதே வயது, அதே பாலினத்தாரோடு ஒப்பிட்டு விசாரித்தார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, இறப்பதற்கு முந்தின 48 மணி நேரத்தில் அளவு மீறிக் குடித்தது, போதைப்பொருள், அதே 48 மணி நேரத்தில் கடுமையான உடற்பயிற்சி, இவைதான் ஆபத்தைக் கூட்டியிருந்தன. அம்மாவிடம் இதைச் சண்டையாகச் சொல்லாதீர்கள், தன் பிள்ளைக்கு ஏன் இப்படி ஆனது என்று ஒரு காரணம் தேவைப்படுகிறது அவருக்கு.

நம் பக்கத்தில் மேலே சொன்ன வைரஸ்களைத் தவிர வேறு சிலவற்றையும் மறக்கக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் என்று பத்திரிகைகள் எழுதும் ஸ்க்ரப் டைஃபஸ் இதயத் தசையைத் தாக்கும், வேலூர் வட்டாரத்து மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான நோய். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு இருக்கும், சட்டையைக் கழற்றித் தேடினால்தான் தெரியும், விலை மலிவான டாக்ஸிசைக்ளினை நேரத்துக்குக் கொடுத்தால் கேட்டுவிடும். வயலில், வெள்ள நீரில் நிற்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சலும் அப்படியே, இலங்கையில் அதனால் இறப்பவர்களில் இதயம் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. டெங்குவில் நாடித் துடிப்பு குறைவது, எக்கோவில் லேசான தளர்ச்சி எல்லாம் வரும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தொண்டை அடைப்பான் கிருமி இதயத்துக்குப் போவதே இல்லை, தொண்டையில் உட்கார்ந்துகொண்டு அது கக்கும் நஞ்சு மட்டும் போய்த் தசையைக் கெடுக்கிறது, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. தென்னமெரிக்காவில் இளைஞர்களின் இதயம் பெருத்திருந்தால் முதலில் நினைப்பது சாகஸ் நோயை. 1909இல் பிரேசிலில் கார்லோஸ் சாகஸ் கண்டுபிடித்தார், மண்சுவர் இடுக்கில் வாழும், ரத்தம் குடிக்கும் ஒரு பூச்சி இனத்தின் கழிவு வழியாக ஒட்டுண்ணி உடம்பில் ஏறி, 10, 20, 30 வருடம் கழித்து இதயத்தைச் சாய்க்கிறது. அது நம் ஊர் நோய் இல்லை, ஆனாலும் கிருமி எவ்வளவு பொறுமையாக இருக்க முடியும் என்று காட்டுகிறது.

இப்போது "இன்னொன்று" என்பதில் முக்கியமானதற்கு வருகிறேன். இந்த நோய் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு, மூன்றில் ஒருவர் வரை என்று வைத்துக்கொள்ளலாம், இது குடும்ப வழியில் வருகிறது. அதில் அதிகம் காணப்படுவது டைட்டின் என்ற புரதத்தின் மரபணுவில் ஏற்படும் குறை. அந்தக் குறை உள்ளவர் பல வருடம் நன்றாகவே இருப்பார், ஒரு பிரசவம், பல வருடக் குடி, ஒரு கீமோ மருந்து என்று ஏதாவது கூடுதல் சுமை வரும்போது இதயம் தளர்ந்துவிடும். தசை அழற்சி என்று படுத்தவர்களின் மரபணுவைப் பார்த்தபோதும் அவர்களில் ஒரு பகுதியினருக்கு இதே குறைகள் இருந்தன. டெஸ்மோபிளாக்கின் மரபணுவில் குறை இருந்தால் வைரஸே இல்லாமலும் நெஞ்சு வலியும் ட்ரோபோனின் ஏற்றமுமாக விட்டு விட்டு வரும், பார்க்க அச்சு அசலாக வைரஸ் அழற்சி மாதிரியே இருக்கும். நம் துணைக்கண்டத்துக்கென்றே ஒன்று உண்டு, எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன மாற்றம். 2009இல் வெளியான ஆய்வின்படி தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது இருக்கிறது, இதயத் தசை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, ஆனால் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

அதனால் மருத்துவரிடம் போகும்போது சில விஷயங்களை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். தம்பி குடிப்பாரா, எவ்வளவு, எத்தனை வருடமாக, மறைக்காமல். ஜிம்மில் ஊசியோ பவுடரோ எடுத்தாரா, தசை ஏற்றும் ஸ்டீராய்டுகள் இதயத்தைக் கெடுக்கும். தைராய்டு பார்த்தாகிவிட்டதா. நாடி எப்போதும் 130, 140 என்று ஓடிக்கொண்டிருக்கிறதா, வேகமான துடிப்பே இதயத்தைத் தளர்த்தும், துடிப்பைச் சரி செய்தால் இதயம் தேறும். இவற்றில் எது இருந்தாலும் சிகிச்சை மாறும், அதனால்தான் கேட்கிறேன்.

சிகிச்சையில், வைரஸைக் கொல்ல வழக்கமாகக் கொடுக்கும் மருந்து என்று ஒன்று இல்லை. ஸ்டீராய்டு கொடுத்தால் அழற்சி அடங்குமே என்று தோன்றும், 111 பேரை வைத்துச் செய்து 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வகை பார்க்காமல் கொடுத்ததில் எந்தப் பலனும் தெரியவில்லை. சில தனி வகைகளுக்கு மட்டும் அவை உயிர் காக்கும், அதைத் துணுக்குச் சோதனைதான் தீர்மானிக்கும். ஆகவே தம்பிக்கு அடித்தளம் இதயப் பலவீனத்துக்கான நான்கு வகை மருந்துகள்: சாகுபிட்ரில்-வால்சார்டான் அல்லது அதற்கு முந்தின தலைமுறை மாத்திரை, ஒரு பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் வகை, டாபாகிளிஃப்ளோஸின் வகை. குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போவார்கள், முதல் வாரங்களில் தலைசுற்றல் வரும், அதற்காகத் தானாக நிறுத்தக் கூடாது. உள்நாட்டுக் கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்தபின் இவற்றின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. முழு அளவு மருந்தில் மூன்று மாதமாவது இருந்த பிறகு எடுக்கும் எக்கோதான் முக்கியமானது, ஆபத்தான துடிப்பு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரி செய்யும் கருவியைப் பொருத்த வேண்டுமா என்பதையும் அப்போதுதான் யோசிப்பார்கள். மயக்கம் போட்டு விழுந்தால், படபடப்போடு கண் இருட்டினால், இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட வேண்டாம்.

பலருக்கு இஎஃப் 50க்கு மேல் திரும்பி வருகிறது, இளம் வயதினருக்கு நம்பிக்கை வைக்க நிறையக் காரணம் உண்டு. ஆனால் அந்த நல்ல ரிப்போர்ட் வந்த மாதம்தான் நான் அதிகம் பயப்படுகிற மாதம், ஏனென்றால் அப்போதுதான் மாத்திரையை நிறுத்துகிறார்கள். இப்படித் தேறியவர்கள் 51 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு மட்டும் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த லண்டன் ஆய்வு 2019இல் வந்தது. ஆறு மாதத்துக்குள் நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பிவிட்டது, தொடர்ந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. எக்கோ நார்மல் என்று வந்தாலும் மாத்திரையை நிறுத்தலாமா என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது தம்பிக்கு இல்லை, உங்களுக்கு. அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் 50 வயதுக்குள் திடீரென்று இறந்தவர், தூக்கத்தில் போனவர், "நீர் கோர்த்து" இறந்தவர், பிரசவத்துக்குப் பின் இதயம் பலவீனமானவர் யாராவது உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அந்தத் தாளை அடுத்த முறை மருத்துவரிடம் கொடுங்கள், மரபணுச் சோதனை தேவையா என்று அவர் அதைப் பார்த்துத்தான் சொல்வார். வைரஸ்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினாலும் நீங்களும், கூடப் பிறந்த மற்றவர்களும், அப்பா அம்மாவும் ஆளுக்கு ஒரு ஈசிஜி, ஒரு எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒன்றும் இல்லை என்று வந்தாலும் சில வருடங்களுக்கு ஒரு முறை திரும்ப எடுக்க வேண்டும், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பதைத் தம்பியின் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.